வகை: சந்தைத் தமிழ்

கூடப் படித்தவர்களே, வாத்தியார் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கப்போகும் கல்வெட்டுப் புத்தகத்தில் போடுவதற்கு ஒரு பக்க நினைவுக் குறிப்பு கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று முதலே சொல்லிவிடுகிறேன்.

நம் வகுப்புச் சட்டாம்பிள்ளைதான் தொலைபேசி எடுத்தார். பேரப்பிள்ளைகள் கண்ட பிறகும் அவரை நாம் சட்டாம்பிள்ளை என்றுதானே கூப்பிடுகிறோம். வகுப்பிலேயே கையெழுத்து அழகானவள் நான், வாத்தியாரைக் கடைசிவரை போய்ப் பார்த்தவளும் நான், ஆகவே நான்தான் எழுத வேண்டும் என்றார். சரி, எழுதுகிறேன். கண்டறியாத பூமாலை ஒன்றும் என்னிடம் கிடையாது. ஐம்பத்தெட்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடப்பது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுவேன்.

கல்வெட்டு என்பது எனக்குப் புதிதா? முப்பது வருடம் அச்சகத்தில் புரூவ் பார்த்தவள். செத்தவரின் படம், வம்சம், பதிகம், புலம்பல், நன்றி நவிலல் என்று ஒழுங்கு மாறாமல் வரும் அந்தச் சின்னப் புத்தகங்கள் எத்தனை நூறு என் கையால் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. எல்லாக் கல்வெட்டிலும் செத்தவர்கள் பதிகம் சொல்லித்தான் கண்ணை மூடுவார்கள். நம் ஊரில் "ஐயோ நோகுது" என்று சொல்லிச் செத்தவர் ஒருவரும் இல்லை. அப்படி யாராவது எழுதிக் கொண்டுவந்தால் நானே சிவப்புப் பேனையால் வெட்டி, "இறைவன் நாமத்தை உச்சரித்தபடி" என்று போட்டிருக்கிறேன். வெட்டுவதற்கு என்னைப் பழக்கியது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

வாத்தியாரின் கல்வெட்டுக்கு நீங்கள் எழுதிய வாழ்க்கை வரலாறும் என்னிடம் வந்திருக்கிறது. "அன்னாரின் திருவாயிலிருந்து ஒரு கொச்சைச் சொல்லேனும் பிறந்ததில்லை" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வாசித்துவிட்டுச் சிரித்தேன். தனியே இருந்து அப்படிச் சிரித்தது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வெங்காயக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் அப்போது இளந்தாரி. ஆசிரிய கலாசாலையிலிருந்து புதிதாக வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாத சால்வை, சோப்பு மணம். நம் பள்ளிக்கூடத்தின் கிடுகுக் கொட்டிலுக்குள் அவர் வந்து நின்றால் ஏதோ கோயிலுக்குள் நிற்பது போல நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். 'சேர்' என்று கூப்பிடக்கூடாது. அது பிறமொழிக் கலப்பு. 'ஐயா' என்று கூப்பிட வேண்டும்.

அந்தத் தவணை முடிவில் வித்தியாதரிசி வருவதாக இருந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் அந்தப் பெரிய மனிதருக்கு முன்னால் நம் வாயிலிருந்து எழுத்துத் தமிழ் மட்டும்தான் வரவேண்டும் என்று வாத்தியாருக்கு ஒரு வெறி. அதற்காகத்தான் அந்தக் கொப்பியை ஏற்படுத்தினார். தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பி. அடிமட்டம் வைத்து நான்கு பத்தி கீறச் சொன்னார். திகதி, பெயர், சொல், வகை. முதல் மூன்றும் நீல மை. வகை மட்டும் சிவப்பு மை. எழுதும் வேலை என்னுடையது.

நம் பேச்சுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்பதை அந்தக் கொப்பியில் எழுதித்தான் நான் படித்தேன். பேச்சு வழக்கு. கிராமியம். கொச்சை. வழூஉ. சந்தைத் தமிழ். இழிசனர் வழக்கு. எல்லாவற்றுக்கும் அவர் விளக்கம் வைத்திருந்தார். பேச்சு வழக்கு என்பது மன்னிக்கக்கூடியது, படித்தவர்கள் வீட்டிலும் நடமாடுவது. அதற்குத் தண்டனை இல்லை. கிராமியத்திலிருந்து கீழே போகப் போகக் குற்றம் ஏறும். பிடிபட்டவர் அடுத்த மணி அடிக்கும்வரை வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நிற்க வேண்டும். 'வாய் பொத்து' என்று அவர் சொல்லும் விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது. சத்தம் போட மாட்டார். மெல்லத்தான் சொல்லுவார்.

நான் வாயைப் பொத்தினால் மூக்குக்குள் ஏறுவது வெங்காய மணம். விடியவே எழும்பி அம்மாவோடு இருந்து வெங்காயத் தாள் அரிந்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் வருவேன். எவ்வளவு கழுவினாலும் கையை விட்டுப் போகாது. நகத்துக்குள் செம்மண், விரலில் வெங்காயம். என் கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான் என்று அப்போது உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள்.

ஒரு திங்கட்கிழமை. பாடம் படித்தாயிற்றா என்று வாத்தியார் முன்வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். டொக்டரின் மகள் "ஓம், படிச்சிட்டன்" என்றாள். நானும் "ஓம், படிச்சிட்டன்" என்றேன். பின்வாங்கில் தனியே இருக்கும் கள்ளுச் சீவுபவரின் மகனும் "ஓம், படிச்சிட்டன்" என்றான். மூன்று பேரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். வகையை அவர் சொல்லச் சொல்லச் சிவப்பு மையில் போட்டேன். டொக்டரின் மகளுக்குப் பேச்சு வழக்கு. எனக்குக் கொச்சை. அவனுக்கு இழிசனர் வழக்கு.

ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரி. எழுதிய கைக்குத் தெரியாதா? பத்து வயது என்றாலும் எனக்கு மூளை இருந்தது. எழும்பி நின்று கேட்டேன்.

"ஐயா, மூண்டும் ஒண்டுதானே?"

அவர் கோபிக்கவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு, கொப்பியைக் காட்டினார். இப்போது நான் சொன்னதையும் எழுதும்படி சொன்னார். வகை, கொச்சை. அன்றைக்கு நானும் அவனும் சுவரோடு நின்றோம். டொக்டரின் மகள் இருந்து கதை வாசித்தாள். அவளில் பிழை இல்லை. ஆனால் போன கிழமை அவுஸ்திரேலியாவிலிருந்து வட்சப் குழுவில் அவள் போட்டிருந்தாள், "எங்கள் கொச்சைத் தமிழையெல்லாம் திருத்திய மகான்" என்று. எங்களுடையதா? அவள் பெயரில் கொச்சை என்று ஒரு வரிகூட அந்தக் கொப்பியில் கிடையாது. வேண்டுமானால் பக்கத்துக்குப் பக்கம் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஆம், கொப்பி என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வித்தியாதரிசிக்கு வரவேற்புரை சொல்லப்போவது யார் என்பதுதான் அந்தக் காலத்தில் நம் வகுப்பில் பெரிய கதை. அதில் எனக்கு இருந்த ஆசை உங்கள் ஒருவருக்கும் இருந்திருக்காது. அதற்கு முந்திய வருடம் வேறொரு பள்ளிக்கூடத்தில் வரவேற்புரை சொன்ன பிள்ளையை அதே வித்தியாதரிசிக்குப் பிடித்துப்போய், பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூட விடுதியில் இலவசமாகச் சேர்த்துவிட்டாராம். அந்தச் செய்தியை அம்மா சுன்னாகம் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தா. இந்த முறை அந்த உரையை நான்தான் சொல்வது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டா. ஐந்தாம் வகுப்போடு என்னைத் தோட்டத்துக்கு இறக்குவது என்று அப்பு, அதுதான் என் தகப்பன், சொல்லியிருந்தார். அதற்குள் இந்த ஒரு வழி திறந்தது.

வாத்தியாரும் என்னைத்தான் தெரிவு செய்தார். பொய் சொல்லக்கூடாது. எழுதிக் கொடுத்ததை ஒரே நாளில் பாடமாக்கிவிட்டேன். என் உச்சரிப்பில் அவர் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று கிழமை அம்மா தாள் அரியும்போது நான் எதிரே நின்று அந்த உரையைச் சொல்லுவேன். அம்மாவுக்கு அதில் பாதி விளங்காது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்பா. சில இடத்தில் கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்ப்பா.

வித்தியாதரிசி வருவதற்கு நாலு நாள் முன்னம் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தா.

யாரும் கூப்பிடவில்லை. நம் பக்கத்து வழக்கம் அது. தோட்டத்தில் முதல் கிண்டிய வெங்காயத்தில் கோயிலுக்கு ஒரு பங்கு, பிள்ளைக்குப் படிப்பிக்கிறவருக்கு ஒரு பங்கு. சந்தையால் வரும் வழியில், தலையில் பனையோலைக் கடகத்தோடு, வெயிலில் முகம் கறுத்து, கொட்டில் வாசலில் வந்து நின்றா. கடகத்தை இறக்கி, ஒரு வெங்காயக் கட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினா. மேல்மண் தட்டி, தாளை அழகாகப் பின்னியிருந்தா. நான் கொப்பியோடு வாத்தியாரின் மேசையடியில் இருந்தேன். அம்மா என்னைக் காட்டிச் சொன்னா.

"உவளை நம்பித்தான் நான் இருக்கிறன், ஐயா. உவள் கதைக்கிற அண்டைக்கு நானும் வந்து வேலியோடை நிண்டு கேட்பன்."

வாத்தியார் வெங்காயத்தை வாங்கவில்லை. மேசையில் வைக்கும்படி கையைக் காட்டினார். பிறகு நம் பக்கம் திரும்பி, பாடம் கேட்பது போலவே கேட்டார்.

"பிள்ளைகளே, இந்த அம்மையார் பேசியது எந்த வழக்கு?"

நீங்கள் சொன்னீர்கள். எல்லாரும் ஒரே குரலில், வாய்ப்பாடு சொல்வது போல இழுத்துச் சொன்னீர்கள். "சந்தைத் தமிழ்!"

சிரித்தீர்கள் என்று எழுதமாட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. சரியான விடை சொன்ன சந்தோஷம் மட்டும்தான் உங்கள் முகத்தில் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கள்ளுச் சீவுபவரின் மகன் மட்டும் வாய் திறக்கவில்லை. பின்வாங்கில் குனிந்து இருந்தான்.

எழுது என்றார் வாத்தியார். பெயர் என்ற இடத்தில் 'இவளின் தாய்' என்று போடச் சொன்னார். அம்மா சொன்னதில் முதல் வரியைச் சொல்லுக்குச் சொல் எழுதினேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கத்தைவிட அழகாகத்தான் எழுதினேன். சிவப்பு மையைத் தொட்டு வகையைப் போட்டேன்.

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மேசைக்குக் கிட்ட வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை எழுதினனீ?"

"உங்கடை பேரை எழுதினனான் அம்மா. வெங்காயம் தந்ததுக்கு."

அவவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எது தன் பெயர் என்று கேட்டா. நான் என்ன செய்வேன்? பளிச்சென்று தெரிந்த சிவப்பு எழுத்தைக் காட்டினேன். அம்மா குனிந்து அதன்மேல் பெருவிரலை வைத்துப் பார்த்தா. மை காயவில்லை. சந்தைத் தமிழ் என்ற எழுத்தில் பாதி அவவின் விரலோடு இழுபட்டுப்போனது. பயந்துபோய், பேப்பரைப் பழுதாக்கிப்போட்டேனோ என்று வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டா. வாத்தியார் போகலாம் என்று தலையசைத்தார்.

அம்மா படலை தாண்டிய பிறகு வாத்தியார் சொன்னார், வீட்டில் இதைக் கேட்டு வளரும் பிள்ளை பெரியவர்களுக்கு முன்னால் எந்த நேரமும் தடுக்கி விழும், ஆகவே வரவேற்புரையை டொக்டரின் மகள் சொல்லட்டும் என்று. நான் வாய் பொத்தி நிற்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. ஆனால் எனக்குப் பேச்சு வரவில்லை.

நாலு நாளும் அம்மா சந்தையில் எல்லாருக்கும் சொன்னாவாம், பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் தன் பெயரைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறது என்று. நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அந்த உரையைச் சொல்லிக் காட்டச் சொன்னா. சொல்லிக் காட்டினேன்.

வித்தியாதரிசி வந்த அன்று காலையில் நான் ஒரு வேலை செய்தேன். இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது. பிரார்த்தனைக்கு எல்லாரும் வெளியே நின்ற நேரம், சிவப்பு மைப் போத்தலை எடுத்துப்போய் வாத்தியாரின் பிரம்புக் கதிரையில் கவிழ்த்தேன். பின்னலுக்குள் மை ஊறி நின்றது. பழுப்புப் பிரம்பில் கிட்டப் போனால்தான் தெரியும். அவர் வந்து அதில் இருந்தார். டொக்டரின் மகள் உரையைச் சொல்லி முடிக்க, வித்தியாதரிசியை அழைத்துப்போக எழும்பினார். வெள்ளை வேட்டியின் பின்பக்கம் ஒரு தட்டு அகலத்தில் சிவப்பு. வித்தியாதரிசி சிரிப்பை அடக்க இருமினார். எனக்கு அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அது மத்தியானம் வரைதான். மத்தியானம் வாத்தியார் பிரம்போடு வந்தார். யார் என்று கேட்கவே இல்லை. நேரே பின்வாங்குக்குப் போனார். கள்ளுச் சீவுபவரின் மகனை எழுப்பினார். அவன் "நானில்லை" என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வகை இருக்கும் என்று பயந்தானோ என்னவோ. வலது கையால் தானாகவே வாயைப் பொத்திக்கொண்டு, இடது கையை நீட்டினான். எத்தனை அடி விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. குனிந்துகொண்டேன். நான்தான் ஊற்றினேன் என்று சொல்லவும் இல்லை. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. அவன் இப்போது எங்கே என்று உங்கள் குழுவில் ஒருவருக்காவது தெரியுமா? உலகம் முழுக்கத் தேடிப் பிடித்துக் குழுவில் சேர்த்தீர்கள். அவனைத் தேடவில்லை. நானும் தேடவில்லை.

அம்மா சொன்னபடியே வந்திருந்தா. கோயிலுக்கு உடுக்கும் பச்சைச் சேலையோடு, கிளுவை வேலிக்கு வெளியே, சந்தைக்குப் போகாமல். வேறு பிள்ளையின் குரலில் அந்த உரை வந்ததைக் கடைசிவரை நின்று கேட்டிருக்கிறா. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் ஒழுங்கையால் நடந்து வந்தோம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அம்மா கொஞ்சத் தூரம் முன்னே நடந்தா. பிறகு கேட்டா.

"நான் அண்டைக்கு வந்ததாலையோ?"

"இல்லை அம்மா."

அதற்குப் பிறகு புத்தகத்தில் தன் பெயர் இருக்கிறது என்ற கதையை அவ எடுக்கவே இல்லை. என் பள்ளிக்கூடப் படலைக்குள் காலும் வைக்கவில்லை. என் கல்யாணப் பேச்சில்கூட, வந்தவர்கள் படித்தவர்கள் என்று கேள்விப்பட்டு, குசினி அடுப்படியிலேயே நின்றுவிட்டா. சந்தையில் பத்துப் பேரைத் தன் வாயால் சமாளிக்கிற மனுசி அது. நாலு பேர் கேட்டு மயங்குகிற மாதிரி விலை பேசுவா. அந்த வாய் படித்தவர்களுக்கு முன்னால் அப்படியே பூட்டிக்கொண்டது.

வரவேற்பு ஆயத்தத்தில் அம்மாவின் வரிக்குப் பிறகு கொப்பியில் ஒன்றும் ஏறவில்லை, தவணை முடிவில் வாத்தியாருக்கு அதில் இருந்த வெறியும் போய்விட்டது. அலுமாரிக்குள் வைக்கச் சொன்னார். கறையான் தின்றுவிட்டது என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்டணத்துப் பள்ளிக்கூடம் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மா அப்புவோடு சண்டை பிடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பத்தாம் வகுப்பு வரை விட்டா. பிறகு அச்சகம். சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து போன நாளில் கையில் எடுத்தது மூன்று சாமான். காணி உறுதி, அடையாள அட்டை, அந்தக் கொப்பி. அம்மா தென்மராட்சியில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்து நிலத்தில், காய்ச்சலில் போனா. முப்பத்தோராம் நாள் எங்கே இருந்தோம் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஊரில் உள்ள செத்தவர்களுக்கெல்லாம் கல்வெட்டுத் திருத்திய நான் என் அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு அடிக்கவில்லை. அவ வாயால் சொன்னதில் எழுத்தில் இருப்பது அந்தக் கொப்பியின் கடைசி வரி மட்டும்தான். எழுதியது நான். வகை பிரித்தது அவர்.

இப்போது நீங்கள் எல்லாரும் மெச்சுகிற என் குருபக்திக்கு வருவோம். இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் கதலிப் பழத்தோடு உடுவிலில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். றோட்டில் கண்டவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. என் பையில் பழத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கொப்பிதான் இருந்தது. அதை அவருக்கு முன்னால் விரித்து, அந்தக் கடைசி வரியை அவர் வாயால் வாசிக்க வைத்து, இது எந்த வழக்கு என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் போனேன். பழம் வெறும் சாட்டு.

முதல் நாளே ஏமாந்தேன். மனிதருக்கு அறளை பெயர்ந்துவிட்டது. நான் யார் என்று தெரியவில்லை. தான் யார் என்றும் தெரியவில்லை. இவரிடம் எப்படிப் பழி தீர்ப்பது? ஐம்பத்தாறு வருடம் காத்திருந்து, கடை பூட்டிய பிறகு வந்து நிற்கிறேனே என்று எனக்கு அழுகையே வந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட மகள், தகப்பனுக்காக நான் அழுகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்தா. என்றாவது ஒரு நாள் தெளிவு வரும் என்று ஒவ்வொரு வெள்ளியும் போனேன். தெளிவு வரவில்லை. வேறொன்று வந்தது. அவருடைய எழுத்துத் தமிழ் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியது. "தண்ணீர் கொணர்க" என்று கேட்ட மனிதர் "தண்ணி தாணை" என்றார். மகள் வெட்கப்பட்டு என்னிடம் மெல்லச் சொன்னா, "அப்பா உப்பிடிக் கதைக்கிறவரில்லை, அக்கா. வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ." சொல்லமாட்டேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை. மகள் மருந்து வாங்கச் சுன்னாகத்துக்குப் போயிருந்தா. வெயிலில் நடந்து போய், நான் பையைத் தோளால் இறக்காமல் கட்டில் அருகே நின்றேன். அவர் கண் திறந்து என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார்.

"எணை அம்மா, கடகத்தை இறக்கி வையணை. கழுத்து நோகுமெல்லே."

தோளில் பையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். வீட்டு நிழலில் இருந்த தாயைப் பார்த்து ஒரு பிள்ளை இப்படிச் சொல்லாது. கடகம் சுமந்த தாயின் கழுத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளை சொல்லுகிற சொல் இது. அவருடைய அம்மாவும் சந்தைக்காரி. உங்கள் வாழ்க்கை வரலாற்றில் அவவைப் பற்றி "நற்குடிப் பிறந்த இல்லத்தரசி" என்று மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் கொட்டில் வாசலில் என் அம்மா வாய் திறந்ததும் அந்தப் பேச்சை அவர் அடையாளம் கண்டது எப்படி என்று இப்போது விளங்கியது. அது அவர் வீட்டுப் பேச்சு.

இதைக் கேட்டு மனம் இளகி நான் மன்னித்துவிட்டேன் என்று முடிப்பேன் என்றா பார்க்கிறீர்கள்? கல்வெட்டுக்கு அது வாய்ப்பாக இருக்கும். இல்லை. கோபம் இரண்டு மடங்கானது. தெரியாமல் செய்தவன் என்று இத்தனை காலம் கொஞ்சமாவது ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த மனிதர் தெரிந்து செய்திருக்கிறார். கொப்பியை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேரே விரித்தேன். வகுப்பில் அவர் கேட்ட மாதிரியே, சத்தம் போடாமல், மெல்லக் கேட்டேன்.

"இது எந்த வழக்கு?"

வாத்தியாரின் வலது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல மேலே வந்தது. தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண் என்னை விட்டு அசையவில்லை. அந்தத் தண்டனையைச் சின்ன வயதில் அவருக்கு யார் பழக்கினார்களோ, எனக்குத் தெரியாது. நான் கையை எடுக்கச் சொல்லவில்லை. மகள் திரும்பி வரும்வரை அவர் அப்படியே இருந்தார். எனக்கு அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க வாசிக்கப்போகும் கல்வெட்டில் எழுதுகிறேன், பொய் எழுதமாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சோறு இறங்கவில்லை. பின்வாங்கில் இருந்தவனின் கைதான் கண்ணுக்குள் நின்றது.

இரண்டு நாளில் வாத்தியார் போனார். பதிகம் சொல்லியபடி போனதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்று மகளே என்னிடம் சொன்னா. ஆகவே அவருடைய கடைசிச் சொல் என்னிடம்தான் இருக்கிறது. அதை அன்றைக்கே, அவர் கட்டிலடியில் இருந்தே, கொப்பியில் அம்மாவின் வரிக்குக் கீழே எழுதிவிட்டேன்.

புரூவ் கடைசியாகப் பார்ப்பது நான்தான் என்றாலும், அச்சுக்குப் போகும் வழியில் யாராவது இதைத் திருத்தப் பார்ப்பீர்கள். என் நடையை எப்படியும் திருத்திக்கொள்ளுங்கள். நீட்டம் என்றால் வெட்டுங்கள். கீழே உள்ள இரண்டு வரியில் மட்டும் ஒரு எழுத்திலும் கை வைக்கக்கூடாது. ஒன்று அம்மா சொன்னது. அதற்கு அடுத்த வரி ஐம்பத்தெட்டு வருடம் வெறுமையாகக் கிடந்தது. அம்மாவின் பெருவிரல் அடையாளம் அச்சில் வராது. பரவாயில்லை.

பெயர்: இவளின் தாய். சொல்: உவளை நம்பித்தான் நான் இருக்கிறன், ஐயா. வகை: சந்தைத் தமிழ்.

பெயர்: தமிழ் வாத்தியார். சொல்: எணை அம்மா, கடகத்தை இறக்கி வையணை. கழுத்து நோகுமெல்லே. வகை: மேற்படி.